மழை விடுமுறையில் 1–3 வகுப்புப் பிள்ளைகளுக்கு போன் வழியா வாசிப்பும் கணக்கும்: ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

கடலோரத் தன்னார்வலர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பு. 1 முதல் 3ஆம் வகுப்பு வரை 18 பிள்ளைகள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைப்படி பார்த்தால் அரும்பு (தொடக்க நிலை) 8, மொட்டு (இடை நிலை) 7, மலர் (மேல் நிலை) 3. வீடுகளில் 11 பேரிடம் டச் போன், 4 பேரிடம் பட்டன் போன், மீதி 3 வீட்டில் பகலில் போனே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும் நாள்களில் வாசிப்பும் கணக்கும் விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வீடியோ வகுப்பு எடுபடவில்லை. இருபது நிமிடத்தில் பாதிப் பேரைக் காணோம், இருக்கிறவர்கள் சத்தமும் ஒன்றோடொன்று மோதுகிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை என்ன செய்யலாம்? செய்து பார்த்த முறை மட்டும் சொல்லுங்கள். "ஆர்வமாக நடத்துங்கள்" மாதிரி பதில் வேண்டாம், ப்ளீஸ்.

இரண்டாங்கிளாஸ்

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக மத்திய அரசு கொடுத்த பிரக்யாதா வழிகாட்டுதலே 1 முதல் 8 வரைக்கும் ஒரு நாளைக்கு 30–45 நிமிடத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது என்கிறது. அதுவும் எட்டாம் வகுப்புக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. ஆறு வயசுப் பிள்ளைக்கு நேரலை 25 நிமிடம், ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் போனால் பார்ப்பது பிள்ளை இல்லை, பின்னால் நிற்கும் அம்மாதான்.

நாள் முந்தின ராத்திரி 7 மணிக்கே தொடங்கிவிடும். விடுமுறை அறிவிப்பு வந்ததும் மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியின் படம், கணக்குக்கு எடுத்துவைக்க வேண்டிய சாமான், போனை சார்ஜ் போடச் சொல்லி ஒரு குரல் பதிவு, மூன்றும் குரூப்பில் போய்விட வேண்டும். காலையில் கரண்டும் டவரும் நம் கையில் இல்லை. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, கடலுக்குப் போகிற போன் வீட்டில் இருக்கும். ஆனால் அது அப்பா கையில் இருக்கும். அதனால் நேரத்தை அவரிடமே சொல்லுங்கள், "பத்து மணிக்கு அரை மணி நேரம் மட்டும் பிள்ளைக்கு" என்று. நாள் முழுக்கக் கேட்டால் தரமாட்டார், அரை மணி என்றால் தருவார்.

வாட்ஸ்அப் வீடியோவில் ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர் போதும். நிலை வாரியாகப் பிரியுங்கள், வகுப்பு வாரியாக வேண்டாம். 10 மணிக்கு அரும்பு, 10.40க்கு மொட்டும் மலரும். 25 நிமிடமும் வாசிப்புக்குத்தான், கணக்கை இதில் நுழைக்காதீர்கள். வருகைக்கு 3 நிமிடம் (பேரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" வேண்டாம், நேற்று படித்த ஒரு சொல்லைச் சொல்லட்டும்), எழுத்துக்கும் சொல்லுக்கும் 6, பத்தி வாசிக்க 10, கேள்விக்கு 4, அடுத்த வேலையைச் சொல்ல 2.

"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்பதை மறந்துவிடுங்கள். சத்தம் ஒவ்வொரு போனுக்கும் முன்பின்னாகப் போய்ச் சேருவதால் கோரஸ் உடையும், யார் குரலும் தெளிவாக விழாது. எல்லா மைக்கையும் அணைத்து நீங்கள் ஒரு வரி வாசியுங்கள், பிள்ளைகள் அவரவர் வீட்டில் சத்தமாகத் திருப்பிச் சொல்லட்டும், உதட்டை மட்டும் பாருங்கள். பிறகு ஒரு பிள்ளை மைக்கைத் திறந்து அதே வரியை வாசிக்கும். அடுத்த வரிக்கு அடுத்த பிள்ளை.

அட்டையைக் காட்டும்போது உங்கள் திரையில் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். பதறி அட்டையைத் திருப்பாதீர்கள், எதிரில் சரியாகத்தான் தெரிகிறது. எழுதிக் காட்டுவதென்றால் பின் கேமரா நல்லது. இரண்டு அரிசி டப்பாவுக்கு மேல் ஒரு அடிஸ்கேலைக் குறுக்கே வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்து, கீழே நோட்டை வையுங்கள். ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை.

நேரலையை விடப் பலன் தருவது மதியம் நடக்கும் தனித்தனி அழைப்பு. ஒரு பிள்ளைக்கு 4 நிமிடம், போன் இருக்கிற 15 பேருக்கு 60 நிமிடம். எடுக்காதவர், தூங்குகிறவர் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை பத்தியை வாசிக்கும், நீங்கள் கேட்டுக்கொண்டே தடுக்கும் சொல்லைக் குறித்துக்கொள்வீர்கள். சாதாரண அழைப்பே போதும், நெட் வேண்டாம். ஒரு நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் நேரலையை விடுங்கள், இதை விடாதீர்கள்.

புள்ளிவைத்தஎழுத்து

மேலே சொன்னதில் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து: அரும்புக்கு நேரலை அவசியம். எழுத்தே தெரியாத பிள்ளையை போனில் வாசிக்கச் சொல்லி என்ன பிரயோசனம்? வாய் அசைவைப் பார்க்காமல் ல, ள, ழ பிடிபடாது, போன் சத்தத்தில் மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கறுத்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பத்தியின் படத்தைப் பற்றி. புத்தகப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். சுருங்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. "கல்" என்பது "கல" ஆகிவிடும், "மரம்" என்பது "மரம" ஆகிவிடும். பிள்ளை தப்பாக வாசிக்கவில்லை, இருப்பதைத்தான் வாசிக்கிறது. இன்னொன்று துணைக்காலும் ரகரமும். மங்கலான படத்தில் ர-வின் கால் தெரியாது, "கால்" என்பது "கரல்" மாதிரி நிற்கும். வெள்ளைத்தாளில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால், ஒரு படத்துக்கு நாலு வரிக்கு மேல் போகாமல், புள்ளியைக் கடுகு அளவுக்குப் பெரிதாக வைத்து எழுதுங்கள். அனுப்பும்போது போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காது.

பத்தி எப்படி இருக்க வேண்டும் என்றால், அரும்புக்கு இந்த அளவு போதும்:

கடல். கடலில் படகு. படகில் வலை. வலையில் மீன். மீன் துள்ளும்.

ஒரு வரியின் சொல் அடுத்த வரியில் திரும்ப வருகிறது, புதுச் சொல் ஒன்றுதான். மொட்டுக்கு ஆறு வாக்கியம், ஒவ்வொன்றிலும் நாலைந்து சொல். மலருக்குக் கதையே கொடுக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை 1 முதல் 4 வரை இலவசமாகக் கிடைக்கும். படங்கள் கனமானவை, அதனால் முந்தின நாளே இறக்கி வைத்துவிடுங்கள்.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு எழுத்துச் சிக்கலை எடுங்கள். குறில் நெடில் என்றால் அது மட்டும்: கல்–கால், பல்–பால், முடி–மூடி, கொடி–கோடி. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுத்து ஒரு தடவு. கொடி–கோடியை முதல் நாளே கொடுக்காதீர்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இரண்டும் எழுத்துக்கு முன்னால் வருவதால் பிள்ளை "கொ"வைத் துண்டு துண்டாகப் படிக்கும்.

மனப்பாடமா, வாசிப்பா என்று கண்டுபிடிக்க: கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் அங்கேயே நின்றுவிடும். அம்மா காதில் சொல்லிக் கொடுப்பதைத் தடுக்க முடியாது, அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சொல்லுக்கு அடியில் விரல் வைத்து நகர்த்த வேண்டும், பிள்ளை தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் உதவ வேண்டும்.

பத்தாங்கட்டு

கணக்குக்கு நான். இதற்கு நெட்டே வேண்டாம். வேண்டியது ஒரு பை: விரல் நீளத்துக்கு நறுக்கிய விளக்குமாற்றுக் குச்சி 100, ரப்பர் பேண்ட் 10, புளியங்கொட்டை 30, இரண்டு தட்டு, ஒரு சிரட்டை. தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் புளியங்கொட்டை வேண்டாம், வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அங்கே சோடா மூடி கொடுங்கள்.

அரும்புக்கு 20 வரை எண்ணுவது. தரையில் பரப்பி எண்ணினால் ஒன்றை இரண்டு தடவை தொடும் அல்லது ஒன்றை விட்டுவிடும். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டே எண்ணச் சொன்னால் அந்தப் பிழை போய்விடும். பிறகு சிரட்டை விளையாட்டு. பத்துக் கொட்டை, அப்பா சிலவற்றைச் சிரட்டைக்கு அடியில் ஒளித்து வைப்பார். வெளியே 6 இருந்தால் உள்ளே எத்தனை? முதலில் 5இல் தொடங்கி, சரளமாக வந்தபின் 10க்குப் போகலாம். ஒரு தடவைக்குப் பத்து ஆட்டம், ஏழெட்டு நிமிடம்.

மொட்டுக்கு இட மதிப்பு. "இருபத்தி மூன்று" என்று சொன்னால் 203 எழுதுகிற பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது, 20 பிறகு 3. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, 4 செ.மீ. அகலத்தில் 1 முதல் 9 வரை, 8 செ.மீ. அகலத்தில் 10, 20, 30 என 90 வரை அட்டை செய்யுங்கள். 20 அட்டையின் சுழி மேலே 3 அட்டையை வைத்தால் 23 தெரியும். எடுத்தால் அடியில் சுழி இருக்கும். பிள்ளை தன் கையாலேயே வைத்து எடுக்க வேண்டும், நீங்கள் வீடியோவில் காட்டினால் ஒட்டாது.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு இடறல் உண்டு. எண்பது முடிந்ததும் "ஒன்பது" என்று தொடங்கும் பேரை எதிர்பார்க்கும், வருவதோ தொண்ணூறு. "நூறு" காதில் விழுவதால் 100க்கு மேல் என்று நினைக்கும். 89க்கு அடுத்தது என்ன என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு பத்துக்கட்டு. அப்படி ஒன்பது கட்டை வரிசையாக வைத்து, "இதற்குப் பேர் தொண்ணூறு, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு குறைகிறது" என்று சொல்லுங்கள்.

மலருக்குக் கடன் வாங்கிக் கழித்தல். 42−17க்கு 35 வந்தால் அது கவனக்குறைவு அல்ல, 2இல் 7 போகாததால் 7இல் 2ஐக் கழித்திருக்கிறது. நாலு கட்டும் இரண்டு உதிரியும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏழு குச்சி தர முடியவில்லை, ரப்பர் பேண்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஒரு கட்டு அவிழ்ந்தால் உதிரி 12 ஆகும், அதில் 7 போனால் 5. மீதி மூன்று கட்டில் ஒன்று போனால் 2. பதில் 25. குச்சியில் ஐந்து கணக்கு, பிறகு அதே ஐந்து நோட்டில்.

பக்கம் நிறையக் கணக்கு கொடுத்துப் படம் அனுப்பச் சொல்லாதீர்கள். அது அக்கா போட்டதா, தம்பி போட்டதா என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு கணக்கு, "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று அரை நிமிடக் குரல் பதிவு.

உப்புக்காத்து

பட்டன் போன் 4 வீட்டுக்கும் கான்ஃபரன்ஸ் கால். பெரும்பாலான போனில் ஒரே நேரத்தில் ஐந்து பேரை இணைக்கலாம். ஒவ்வொருவராக இணைக்கவே 3 நிமிடம் ஆகும், அதுவரை முதலில் வந்த பிள்ளை காத்திருக்க வேண்டும். ஆகையால் அதிகம் பொறுமையில்லாத பிள்ளையைக் கடைசியில் கூப்பிடுங்கள் :)

ஆனால் இவர்கள் கையில் தாள் இருந்தால்தான் இது நடக்கும். அக்டோபர் தொடங்கும்போதே ஐந்து நாளுக்கான தாளைப் போட்டு "மழைக்கவர்" ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிடுங்கள், 18 வீட்டிலும். தாளுக்குத் தேதி வேண்டாம், மீன், நண்டு, சங்கு என்று மூலையில் படம் போதும். "இன்னைக்கு நண்டுத் தாள் எடு" என்றால் எழுத்து தெரியாத பிள்ளையும் எடுக்கும். இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், கடல் ஈரத்தில் மை பரவி எழுத்து அப்பிவிடும். ஜெராக்ஸ் நிற்கும். கவரின் வாயை இரண்டாக மடித்து ரப்பர் போடச் சொல்லுங்கள்.

தகரக் கூரை வீட்டில் மழை அடித்தால் பிள்ளை குரல் கேட்காது. ஸ்பீக்கரை அணைத்து, ஒரு சாண் தூரத்தில் பேசச் சொல்லுங்கள். போனின் அடிப்பக்கம் மைக் துளை இருக்கும், சின்னக் கை அதைப் பொத்திக்கொண்டிருக்கும். பாதி நேரம் "கேக்கலை டீச்சர்" அதனால்தான். மழை பலமாக இருந்தால் அழைப்பைத் தள்ளிவைத்துவிட்டு, விட்டதும் குரல் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலோரத் தன்னார்வலர்

நாலு பேருக்கும் நன்றி. புள்ளி விஷயம் புது வெளிச்சம்! இரண்டு சந்தேகம். நிபுண் பாரத்தில் (அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான மத்திய அரசுத் திட்டம்) 2ஆம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 45–60 சொல் என்கிறார்களே, குரல் பதிவிலேயே அதை அளந்துவிடலாமா? போன் இல்லாத 3 வீட்டுக்கு என்ன செய்வது?

புள்ளிவைத்தஎழுத்து

அளக்கலாம், அக்கா. குரல் பதிவிலேயே வினாடி தெரியும். மொத்தச் சொல்லில் தப்பைக் கழித்து, 60ஆல் பெருக்கி, வினாடியால் வகுத்துக்கொள்ளுங்கள். 36 சொல், 4 தப்பு, 48 வினாடி என்றால் 32×60÷48, அதாவது 40. ஆனால் தமிழில் "பள்ளிக்கூடத்திலிருந்து" என்பதும் ஒரு சொல், "மீன்" என்பதும் ஒரு சொல். நீளமான சொல் நிறைந்த பத்தியில் இந்த எண்ணைப் பிடித்துத் தொங்கினால் நன்றாக வாசிக்கிற பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும். ஒரே மாதிரிப் பத்தியில், மாதம் ஒரு தடவை, அதே பிள்ளையின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். எண்ணைப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள், மறுநாளே பிள்ளை ஓட்டமாக ஓடி வாசிக்கும், பொருள் ஒன்றும் புரிந்திருக்காது.

உப்புக்காத்து

அந்த மூன்று பேருக்கும் மழைக்கவரும் கணக்குப் பையும் போய்விட வேண்டும், அதில் குறை வைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் 5ஆம் வகுப்பு, 6ஆம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதனிடம் ஒரே ஒரு வேலை: தம்பி வாசிப்பதைக் கேட்டு, தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும். சொல்லிக்கொடுக்கச் சொல்லாதீர்கள், அது அதட்டலில் போய் முடியும். மழை விட்டதும் அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். கோடு போட்ட சொல்தான் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பாடம். ஆனால் தாளில் ஒரு கோடுகூட இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், கவரைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம்.