புதுப்பிப்பு: அறுவை சிகிச்சைக்குப் பின் நாயின் தையலருகே வந்த வீக்கம் வடிந்துவிட்டது

கருத்தடை அறுவை சிகிச்சை செய்த எங்கள் நாயின் வயிற்றுத் தையலருகே மெத்தென்ற புடைப்பு தோன்றியிருப்பது ஆபத்தா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கால்நடை மருத்துவர் முதலில் அழுத்திப் பார்த்து, அது குடலிறக்கமன்று, தோலுக்கடியில் ஊனீர் (இரத்தத்திலிருந்து கசியும் தெளிந்த நீர்) தேங்கும் 'சீரோமா' என்று உறுதிசெய்தார். ஊசியால் உறிஞ்சினால் தொற்று நுழையக்கூடும், நீரும் மீண்டும் சேரும் என்பதால், உடல் தானாகவே அதை உள்ளிழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நாயின் துள்ளலை முற்றிலும் தடுத்து, தையலை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பைக் கழற்றாமல் வைத்திருக்கச் சொன்னார்.

உங்கள் யோசனைகளில் மிகவும் உதவியது, வீக்கத்தின் விளிம்பை, தையலில் படாதவாறு, மழித்த தோலின்மீது பேனாவால் வரைந்து, தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே நிலையில் படுக்கவைத்துப் படமெடுக்கும் முறைதான். கவலையோடு பார்க்கும் கண்ணுக்கு வீக்கம் நாள்தோறும் வளர்வதாகவே தோன்றும். கோடு உண்மையைச் சொன்னது. இதனுடன் சிவப்பு, சூடு, சீழ், துர்நாற்றம், உணவில் நாட்டமின்மை ஆகியவற்றையும் கவனித்தோம், எதுவும் வரவில்லை. நாயின் இயல்பான வெப்பநிலையே ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் என்பதால், நம் உடல்சூட்டோடு ஒப்பிட்டுக் காய்ச்சல் என்று முடிவுசெய்ய வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: வீக்கம் வடிந்தபின் தையலின் முனையில் பட்டாணியளவு கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டது. அது உள்ளே கரையும் நூலின் முடிச்சைச் சுற்றி உண்டாகும் எதிர்வினை என்றும், நூல் கரையக் கரைய மெல்லச் சுருங்கும் என்றும் மருத்துவர் விளக்கினார்.