பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி: அம்மாவைத் துபாய்க்கு விசிட் விசாவில் அழைக்க முடியுமா?

நாஞ்சில்மகள்:
வணக்கம். நான் கணவரோடு துபாயில் இருக்கிறேன். அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவை 60 நாள் விசிட் விசாவில் அழைக்கலாம் என்று பாஸ்போர்ட் நகலை ஒரு ஏஜென்டுக்கு அனுப்பினோம். "ஒற்றைப் பெயர், விசா வராது, பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று திருப்பிவிட்டார்.

கிவன் நேம் இடத்தில் 'செல்லம்மாள்' என்று மட்டும் இருக்கிறது. சர்நேம் காலி. ஆதாரில் என் அப்பாவின் இனிஷியல், பழைய பள்ளிச் சான்றிதழில் தாத்தாவின் இனிஷியல். இதில் எதை வைத்து மாற்றுவது? மாற்ற நாள் எங்கே இருக்கிறது? அம்மாவுக்கு 57 வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. பாஸ்போர்ட் எட்டு வருடங்களுக்கு முன் எடுத்தது, ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை) என்றும் இருக்கிறது. அதுவும் தடையா? யாராவது இதே நிலையில் அழைத்து வந்திருந்தால் சொல்லுங்கள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

வெளிநாட்டுப்பறவை:
கவலைப்படாதீர்கள் சகோதரி. எனக்கும் ஒற்றைப் பெயர்தான். அமெரிக்க விசாவில் என் பெயரை சர்நேம் இடத்தில் போட்டு, கிவன் நேமில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டார்கள். நீங்களும் அப்படியே போட்டுப் பாருங்கள்.

கராமாவாசி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எஃப்.என்.யு. அமெரிக்கப் படிவத்துக்கான வழக்கம். இங்கே விதி வேறு.

2022 நவம்பர் 21 முதல் அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வருபவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தது. அந்த முதல் அறிவிப்பைத்தான் உங்கள் ஏஜென்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். சில நாட்களிலேயே விளக்கமும் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இந்த விதி விசிட், ஆன் அரைவல், வேலை விசாக்களில் வருபவர்களுக்குத்தான். ஏற்கெனவே இங்கே ரெசிடென்ட் விசாவில் இருப்பவர்களைத் தொடாது.

இப்போதே அம்மாவிடம் சொல்லி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகவரி இருக்கும் பக்கம்தான். அதில் முதலில் தந்தை பெயர், அடுத்து தாய், அப்புறம் கணவர் பெயர் என்று இருக்கும். தந்தை பெயர் இருந்தால் பெரும்பாதி கவலை தீர்ந்தது.

நாஞ்சில்மகள்:
அண்ணா, இருக்கிறது! 'பொன்னையா' என்று தாத்தா பெயர் தெளிவாக இருக்கிறது. கணவர் பெயரில் என் அப்பாவும் இருக்கிறார். நான் முதல் பக்கத்தை மட்டும்தான் ஏஜென்டுக்கு அனுப்பியிருந்தேன்.

கராமாவாசி:
அதுதான் சிக்கலே. இரண்டு பக்கங்களையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். நீங்கள் இங்கே ரெசிடென்ட் என்பதால் ஏஜென்ட் இல்லாமலே ஏதாவது ஒரு அமர் சென்டரில் (துபாயின் விசா சேவை மையம்) உறவினர் விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நான் என் மாமியாருக்கு அப்படித்தான் எடுத்தேன். விசாவில் அவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரும் சேர்ந்து வந்தது.

திருச்சி_டிக்கெட்டிங்:
இருபது வருடமாக டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசா கைக்கு வருவதற்கு முன் டிக்கெட் எடுக்க வேண்டாம். சர்நேம் பெட்டியைக் காலியாக விட்டால் முன்பதிவுத் திரை நகராது. சிலர் கிவன் நேமையே இரண்டு பெட்டியிலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரி சொல்வார்கள். விமான நிறுவனத்துக்கே போன் போட்டு, "பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, விசாவில் இப்படி இருக்கிறது, எப்படிப் போட?" என்று கேட்டு எழுதுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு மூன்று தலைமுறையாக இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. அது நம் தவறு இல்லை. ஆனால் கவுன்டரில் நிற்கும் பையனுக்கு அது தெரியாது, காகிதத்தைத்தான் பார்ப்பான். திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்து எடுங்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் அம்மாவுக்கு அது இருக்கிறது.

குமரிக்கடல்:
ஈ.சி.ஆர். பற்றி யாரும் சொல்லவில்லையே. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர்கள் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது அந்த அரசு அனுமதி, வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் அமீரகமும் உண்டு. ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். மகளைப் பார்க்கப் போகிறவருக்குச் செல்லுபடியாகும் விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் போதும். ஐம்பது வயது தாண்டியவர்கள் ஈ.சி.என்.ஆர். (அந்த அனுமதி தேவையில்லாத) வகைக்குத் தகுதி உள்ளவர்கள் என்பதால், அடுத்த முறை பாஸ்போர்ட் எடுக்கும்போது ஈ.சி.ஆர். குறிப்பை நீக்கிவிடலாம். உங்கள் எமிரேட்ஸ் ஐடி நகல், விசா நகல், வீட்டு முகவரி எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து ஒரு கவரில் போட்டு அம்மா கையில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் கை நடுங்கும்.

நாஞ்சில்மகள்:
எல்லோருக்கும் நன்றி. அம்மா நேற்று வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அமர் சென்டரில் இரண்டு பக்கங்களும் கொடுத்தோம். விசாவில் 'செல்லம்மாள் பொன்னையா' என்று வந்தது. விமான நிறுவனத்தில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே டிக்கெட் போட்டோம். திருவனந்தபுரத்தில் செக்-இன் கவுன்டரில்தான் ஒரு நிமிடம் நின்றுவிட்டதாம். அந்தப் பெண் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, சர்நேம் இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி அம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் விசாவோடு ஒப்பிட்டுப் பார்த்து "பொன்னையா?" என்று வாய்விட்டுப் படித்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். தாத்தா இறந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. "எங்க அப்பா பேரை ஒருத்தி சத்தமா கூப்பிட்டு எத்தனை நாளாச்சு" என்று வந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்கள். போர்டிங் பாஸை இன்னும் அந்தக் கவரிலேயே வைத்திருக்கிறார்கள்.

துபாய் இமிகிரேஷனில் ஒரு கேள்வியும் இல்லை. ஈ.சி.ஆர். பற்றி இரண்டு இடத்திலும் யாரும் பேசவில்லை, ரிட்டர்ன் டிக்கெட்டை மட்டும் திருவனந்தபுரத்தில் பார்த்தார்கள்.

கடலூரான்:
வாழ்த்துகள் சகோதரி. எனக்கு ஒரு சந்தேகம். என் தங்கை பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரும் காலி. என்ன செய்வது?

கராமாவாசி:
அப்படியென்றால் கிளம்புவதற்கு முன் ரீ-இஷ்யூ செய்துவிடுவதுதான் நல்லது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் ரீ-இஷ்யூவைத் தேர்ந்தெடுத்து, விவரங்களில் மாற்றம் என்று குறியுங்கள். எந்த ஆவணம் வேண்டும் என்பதை அங்கேயே டாகுமென்ட் அட்வைசர் பகுதியில் பார்க்கலாம். முதலில் ஆதாரில் பெயர் எப்படி வர வேண்டுமோ அப்படி மாற்றிவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அலைச்சல்தான். விசா, டிக்கெட் எல்லாம் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு.