பேஸ்மென்ட்டில் கார் தண்ணியில் நிக்குது, "உங்களுக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான்" என்கிறது கம்பெனி. என்ன செய்ய?

பெல்லந்தூர் மீனா:
நேத்து ராத்திரி மழையில எங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல முழங்கால் அளவு தண்ணி. கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே மேட் மிதக்குது. 2023 ஆகஸ்ட்ல வாங்கின பெட்ரோல் கார், 1200 சிசி. இன்னும் சாவியைத் தொடலை.

பாலிசியில 2026 ஆகஸ்ட் வரைக்கும்னு தெளிவா இருக்கு. கஸ்டமர் கேர்ல கேட்டா, "ஓன் டேமேஜ் (உங்க காருக்கான கவர்) 2024 ஆகஸ்ட்லயே முடிஞ்சுபோச்சு, இப்போ தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்க சேதத்துக்கான கவர்) மட்டும்தான் இருக்கு, இதுக்கு க்ளெய்ம் கிடையாது"ங்கறாங்க. ஆனா போன ஆகஸ்ட்ல (2024) வீட்டுக்காரர் இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவர் இப்போ ஃப்ளைட்ல இருக்கார், சாயங்காலம்தான் பேச முடியும். இது என்ன குழப்பம்? வண்டியை ஸ்டார்ட் பண்ணி மேலே ஏத்திடலாமா?

ஹெச்எஸ்ஆர் பாலா:
தண்ணி வடிஞ்சதும் ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் பிடிச்சுக்கும்.

வொர்க்ஷாப் குமார்:
பாலா ப்ரோ, தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க. மேடம், சாவியை ஆன்கூடப் பண்ணாதீங்க. புஷ் ஸ்டார்ட் வண்டின்னா சாவியை வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா, காத்து மாதிரி தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். ஸ்டார்ட் பண்ணாத வண்டியில பல நேரம் ஆயில், ஃபில்டர் மாத்திச் சுத்தம் பண்றதோட முடியும். ஸ்டார்ட் பண்ண வண்டின்னா எஞ்சினையே இறக்கணும். 2022 செப்டம்பர்ல பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் வந்தப்போ ரெண்டு வகையும் எங்க ஷெட்டுக்கு வந்துச்சு. பில்லுக்கு பில் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முதல்ல அசோசியேஷன்ல சொல்லி பேஸ்மென்ட் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி தண்ணியில இறங்காதீங்க. அப்புறம் நம்பர் பிளேட்டும் தண்ணி நின்ன கோடும் சேர்ந்து தெரியற மாதிரி போட்டோ எடுங்க. கம்பெனிக்குச் சொல்லிட்டு, டோ பண்ணித்தான் வெளியே எடுக்கணும்.

மத்திகெரே சுந்தரம்:
அம்மா, கஸ்டமர் கேர் சொன்னது பொய் இல்லை, பாதி விவரம்தான். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓன் டேமேஜ் மட்டும் ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும். பெரும்பாலான ஷோரூம்களில் இப்படி இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பெரிய எழுத்தில் கண்ணில் படுவது 3 வருஷத் தேதி.

2019 செப்டம்பரிலிருந்து ஓன் டேமேஜை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் வாங்கலாம். போன ஆகஸ்டில் உங்கள் வீட்டுக்காரர் கட்டியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய மெயிலில் வண்டி நம்பரைப் போட்டுத் தேடுங்கள்.

பெல்லந்தூர் மீனா:
கிடைச்சிடுச்சு சார்! வேற கம்பெனி, "ஸ்டாண்ட்அலோன் ஓன் டேமேஜ்", இந்த 2025 ஆகஸ்ட் வரைக்கும். அங்கே போன் பண்ணினேன், க்ளெய்ம் நம்பர் கொடுத்துட்டாங்க, டோ வண்டியும் அனுப்பறாங்களாம். ஆட்-ஆன்ல (கூடுதலா வாங்கற கவர்) ஜீரோ டெப்ரிசியேஷன், கன்ஸ்யூமபிள்ஸ் இருக்கு. எஞ்சின் புரொடெக்ட் இல்லை. இது போதுமா? ஷோரூம்ல "பம்பர் டு பம்பர், எல்லாமே கவர்"னு சொன்னாங்களே?

மத்திகெரே சுந்தரம்:
பம்பர் டு பம்பர் என்பது ஜீரோ டெப்புக்கு விற்பனைக்காரர்கள் வைத்த செல்லப்பெயர். 'எல்லாமே' என்று அதற்கு அர்த்தம் இல்லை.

தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. உயிரிழப்பு, காயம் என்றால் உச்சவரம்பு இல்லை. பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. உங்கள் காருக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. இது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை அபராதம் 2000, அடுத்த முறை 4000.

ஓன் டேமேஜ் உங்கள் காருக்கு. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். ஆகவே சீட், கார்பெட், வயரிங் என்று வெள்ளம் நேரடியாகக் கெடுத்ததை க்ளெய்ம் பண்ணலாம். ஆனால் சாதாரண பாலிசியில் பழைய பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி போய்விடும். உங்கள் வண்டி வயசுக்கு உலோகப் பாகத்தில் 10 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. ஜீரோ டெப் இருப்பதால் உங்களுக்கு இந்தக் கழிவு பெரும்பாலும் வராது. எஞ்சின் ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் இருக்கிறது. கட்டாயக் கழிவு என்று 1000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும்.

எஞ்சின் விஷயம்தான் சிக்கல். தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணி ராடு வளைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை, பின்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ட் இதற்காகத்தான் இருக்கிறது. அது இல்லாத நீங்கள் சாவியைத் தொடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

ஹெச்எஸ்ஆர் பாலா:
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் 🙏 ஒரு சந்தேகம்: க்ளெய்ம் பண்ணா என்சிபி (க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்குக் கிடைக்கற தள்ளுபடி) போயிடுமே?

மத்திகெரே சுந்தரம்:
போகும். இவர்களுக்கு இந்த ஆகஸ்டில் 25 சதவீதம் கிடைத்திருக்கும், க்ளெய்ம் வாங்கினால் பூஜ்யம். ஆனால் அந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், அதனால் தொகை ஒன்றும் பிரமாதம் இல்லை. பம்பர் கீறலுக்கு க்ளெய்ம் போட வேண்டாம் என்று நானே சொல்வேன். உள்ளே தண்ணீர் புகுந்த காருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

வொர்க்ஷாப் குமார்:
இன்னொண்ணு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்கற வரைக்கும் ஷெட்ல எதையும் பிரிக்க விடாதீங்க. ரிப்பேர் செலவு ஐடிவியில (பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினாதான் டோட்டல் லாஸ். உங்க வண்டி அந்த நிலைக்குப் போகாதுன்னுதான் தோணுது.

பெல்லந்தூர் மீனா:
அப்டேட்: டோ டிரைவர் இறங்கினதும் கேட்ட முதல் கேள்வியே "ஸ்டார்ட் மாடிதீரா மேடம்?" (ஸ்டார்ட் பண்ணீங்களான்னு கன்னடத்துல). இல்லைன்னதும் முகத்துல ஒரு சிரிப்பு. சர்வேயர் பார்த்துட்டார். சீட்டைக் கழட்டி, கார்பெட்டை உரிச்சு வெயில்ல போட்டிருக்காங்க. டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு வயரிங் கனெக்டர் பச்சை பூத்திருக்கு, அதை மாத்தறாங்க. ஏர் ஃபில்டர் நனையலை, எஞ்சின் ஆயில்லயும் தண்ணி இல்லைன்னு சொன்னாங்க. வீட்டுக்காரர் லேண்ட் ஆனதும் முதல்ல ரெண்டு பாலிசியையும் எனக்கு ஃபார்வர்டு பண்ண வெச்சேன். எஞ்சின் புரொடெக்ட்டை இப்பவே சேர்க்க முடியுமா சார்?

மத்திகெரே சுந்தரம்:
பொதுவாக நடுவில் சேர்க்க மாட்டார்கள். ஆகஸ்டில் புதுப்பிக்கும்போது கேளுங்கள். ஓன் டேமேஜை மட்டும் புதுப்பித்தால் போதும், தேர்ட் பார்ட்டி 2026 வரை இருக்கிறது. புது கோட்டேஷனில் தேர்ட் பார்ட்டிக்கும் சேர்த்துக் கேட்டால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.