லேபிள் பக்கம் சீறுகிறது: எம்சி கார்ட்ரிட்ஜுக்கு மாறலாமா?

தட்டுப்பிரியன்:
அப்பா சேர்த்த எல்பிக்களும் (நீண்டநேர இசைத்தட்டுகள்) கொஞ்சம் பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) நாதஸ்வரத் தட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பகுதி) ஆடியோ-டெக்னிகா விஎம்95இ. எல்பியின் தொடக்கத்தில் சுத்தமாகப் பாடுகிறது; நடுவிலுள்ள லேபிளை நெருங்க நெருங்க 'ஸ' எல்லாம் சீறுகிறது. கடைக்காரர் எம்சிக்கு (மூவிங் காயில், வேறு வகைக் கார்ட்ரிட்ஜ்) மாறச் சொல்கிறார். மாறட்டுமா?

முள்முனை:
அவசரப்படாதீர்கள் சார். எம்சியில் வரும் சிக்னல் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்குள்தான். உங்களுடையது 4 மில்லிவோல்ட். அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் வேறு வாங்கணும். அப்புறம், அநேக எம்சியில் ஊசியை நாமே கழற்றி மாட்ட முடியாது.

எல்பியின் வெளி ஓரம் ஊசிக்கடியில் நொடிக்கு 50 செ.மீ. ஓடுகிறது, லேபிளருகே 21 தான். அதே 'ஸ' அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. தேய்ந்த ஊசி முதலில் திணறுவது அங்கேதான். உங்கள் நீள்வட்ட முனைக்கு நிறுவனம் சொல்லும் ஆயுளே சுமார் 300 மணி நேரம். கார்ட்ரிட்ஜை அசைக்காமல் அதே விஎம்95 வரிசையின் எம்எல் (மைக்ரோலீனியர் முனை) ஊசியை மட்டும் வாங்கிச் செருகுங்கள். விலை கூடத்தான், ஆனால் 1000 மணி நேரம் தாங்கும், உள்வட்டத்திலும் தெளிவாக இருக்கும்.

சின்ன டிஜிட்டல் தராசில் ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டு தேயுமே என்று பலர் குறைத்து வைப்பார்கள். அது வம்பு: ஊசி பள்ளத்தில் நிற்காமல் குதித்து இரு சுவரையும் கொத்தும்.

தட்டுப்பிரியன்:
வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு என்றே நினைவில்லை! சரி, ஊசிதான். 78-ஐயும் அதிலேயே போடலாமா?

முள்முனை:
கூடாது. 78-இன் பள்ளம் அகலம். எல்பி ஊசி அடியில் இறங்கி அழுக்கைத்தான் உழும். அதே வரிசையில் எஸ்பி என்று 78-க்கான ஊசி உண்டு, 5 கிராம் வேண்டும். பல டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) அளவுக்கோடு 4-ஓடு முடிந்துவிடும், அதனால் தராசை நம்புங்கள்.

பழையகடை:
ஒன்று சேர்க்கிறேன். ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடையுங்கள், பக்கவாட்டில் தேய்த்தால் முனையைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். 78 தட்டில் ஆல்கஹால் கலந்த திரவம் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

முள்முனை:
ஆமாம். எஸ்பியைக் கழற்றி எல்பி போடும்போது 5-ஐ 2-க்கு இறக்கிவிட்டுப் போடுங்கள் சார்.