மறு: சிபிடிக்குத் தமிழ்ச்சொல்: ‘எண்ண–செயல் சிகிச்சை’ என்று வைக்கலாம்

குழுவினருக்கு வணக்கம்.

எண்ணங்களையும் செயல்களையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையான சிபிடிக்கு (Cognitive Behavioural Therapy) நம் கலைச்சொல் பட்டியலில் ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை’ என்பதையே உறுதி செய்துவிடலாம் என்று இழை முடியப்போகும் நேரத்தில் குறுக்கிடுகிறேன். புதுச்சேரியில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் கடலூர்ப் பக்கத்துக்காரர்கள். அந்தப் பெயரை எழுதி அவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

‘அறிவாற்றல்’ என்று படித்ததும், “எனக்கு அறிவு கம்மின்னு சொல்றீங்களா?” என்று கேட்பார்கள். ‘நடத்தை’ இன்னும் சிக்கல். உளவியல் பாடநூலில் அதற்கு நல்லது கெட்டது கிடையாது. ஊரில் உண்டு. பள்ளியில் தருவது நடத்தைச் சான்றிதழ். ஒரு பெண்ணைப் பழிக்க நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பதும் இந்தச் சொல்லைத்தான். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் சீட்டில் ‘நடத்தைச் சிகிச்சை’ என்று இருந்தால், மாமியார் வீட்டில் அதைக் காட்டவே மாட்டாள். அடுத்த வாரம் வரவும் மாட்டாள்.

> கவுன்சிலிங் என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

தெரிந்ததுதான். ஆனால் தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் பொறியியல் கல்லூரி இடமும் ஆசிரியர் இடமாறுதலும் சேர்ந்தே வருகின்றன. அரசு அறிவிப்புகளில் ‘ஆற்றுப்படுத்துநர்’ இருக்கிறது, இலங்கையில் ‘உளவளத்துணை’ இருக்கிறது. இரண்டும் எனக்குப் பிடித்தவை. இருந்தாலும் அவை பொதுப்பெயர்கள். சிபிடி என்பது வீட்டுப்பாடத்தோடு நடக்கும் ஒரு தனி முறை.

அது என்ன செய்கிறது என்பதிலிருந்து பெயரைத் தேடுவோம். 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். வாயால் சொல்லும் பேச்சுக்கு அடியில், கூப்பிடாமலே வந்து போகும் எண்ணங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்பதைப் போன்றவை. அவற்றைப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் பழக்குவது முதல் பாதி.

தேவனாம்பட்டினத்தில் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கடலுக்குப் போயிருக்கிறார், போன் போகவில்லை. தாளில் கட்டம் போட்டு எழுதச் சொல்வோம். நடந்தது: போன் கிடைக்கவில்லை. எண்ணம்: ‘படகு கவிழ்ந்துடுச்சு.’ உடம்பு: நெஞ்சு படபடப்பு, கை சில்லிடுகிறது. செய்தது: விடாமல் போன் அடித்தாள், உலை வைக்கவில்லை, கரைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த ஊர் அது. அந்த எண்ணத்தை மூடத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. கரையிலிருந்து தள்ளிப் போனால் சிக்னல் போய்விடுவது வழக்கம்தானே, போன வாரமும் இப்படித்தான் இருந்ததா, மற்ற படகுக்காரர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று அவளே கேட்டு அவளே அடுத்த கட்டத்தில் எழுதுகிறாள். ‘நல்லதையே நினை’ என்று சொல்லி அனுப்புவது சிபிடி அல்ல.

மறுபாதி செயல். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் மூச்சு முட்டி, ஹார்ட் அட்டாக் என்று பயந்து நடுவழியில் இறங்கிவிடுகிறவர் இருக்கிறார். இதயம் நன்றாக இருப்பதாக டாக்டர் பார்த்துச் சொல்லியாயிற்று. இருந்தும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்பதே மனதில் பதிகிறது. அதனால் முதலில் கன்னியகோயில் வரை. படபடப்பு வந்தாலும் இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பயம் ஏறி, தானாகவே தணிவதை உடம்பு பார்க்க வேண்டும். அது பழகியதும் கிருமாம்பாக்கம், அப்புறம் தவளக்குப்பம், அரியாங்குப்பம், கடைசியில் புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட். எவ்வளவு பேசினாலும் கிடைக்காத பாடம் அந்த சீட்டில் கிடைக்கிறது.

செயல் என்ற பாதி எவ்வளவு வலுவானது என்பதற்குக் கோவாவில் நடந்த ஆய்வு ஒன்று போதும். மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழுவினர், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு 6 முதல் 8 அமர்வுகள் உட்கார வைத்தார்கள். விட்டுப்போன வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் அதன் மையம். மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். இந்த அமர்வுகள் இல்லாதவர்களில் 39 சதவீதம்.

ஆகவே என் முன்மொழிவு: ‘எண்ண–செயல் சிகிச்சை’.

> எண்ணச்செயல் என்றால் ‘எண்ணத்தின் செயல்’ என்று பொருள்படாதா?

படும். அதனால்தான் சேர்த்து எழுதாமல் நடுவில் கோடு போட்டிருக்கிறேன். வாயால் சொல்லும்போது ‘எண்ணமும் செயலும் சிகிச்சை’ என்று வந்தாலும் குறையில்லை. ‘நினைப்பு’ பேச்சுக்கு நெருக்கம், ஆனால் ‘அவனுக்குப் பெரிய நினைப்பு’ என்பது திமிரைச் சொல்வது. ‘சிந்தனை’ நாமாக உட்கார்ந்து செய்வது, பெக் சொன்னது தானாக வருவது. ‘மருத்துவம்’ என்று முடித்தால் மாத்திரை எங்கே என்று கேட்பார்கள். தேவையானவர்களுக்கு மாத்திரையும் சேர்ந்தே நடக்கும், அது வேறு. பாடநூலில் நடத்தையியல் என்பதை மாற்றச் சொல்லவில்லை. நோயாளி கையில் போகும் தாளுக்குத்தான் வாதாடுகிறேன்.

சிபிடியில் வரும் மற்றவற்றுக்கு என் சொற்கள்: கூப்பிடாமல் வருபவை ‘தானெழும் எண்ணங்கள்’. பஸ்ஸில் செய்தது ‘படிப்படியாக எதிர்கொள்ளல்’, ஆங்கிலத்தில் exposure; பட்டியலில் இருக்கும் ‘வெளிப்படுத்துதல்’ அதற்குப் பொருந்தவே பொருந்தாது. கோவாவில் செய்தது ‘செயலூக்கம்’.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கமாகவே உட்காருவது, தண்ணீர் பாட்டிலை விடாமல் பிடித்திருப்பது, துணைக்கு ஆள் இல்லாமல் ஏறாதது: பயத்தைக் குறைப்பதுபோல் காட்டி அதையே வளர்க்கும் இந்தச் செய்கைகளுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘காப்புச்செயல்’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். காப்பு என்றதும் திருவிழாவில் காப்புக் கட்டுவதும், காப்பாற்றுகிற நல்ல பொருளும்தான் வருகின்றன. பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், வாக்கெடுப்புக்கு முன் சேர்த்துவிடலாம்.