பெண் வீட்டுக்கு அனுப்பும் போட்டோவில் பருத் தழும்பை அழிக்கலாமா?

கரூர்க்காரன்:
வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். ஜாதகத்தோடு வைக்க ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். வந்த படத்தில் இருப்பவன் என் சித்தப்பா மகன் மாதிரி இருக்கிறான், நான் இல்லை. இரண்டு கன்னத்துக் குழிகளையும் வழவழவென்று அடைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "முதல்ல அவங்க வரட்டும்டா, நேர்ல பார்த்தா பேசிக்கலாம்" என்கிறார்.

பன்னிரண்டாவது படிக்கும்போது ஆரம்பித்த பரு. அது போய்ப் பல வருடம் ஆகிறது, குழி தங்கிவிட்டது. பரு இருந்தபோது ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள்: சூட்டு உடம்பு, எண்ணெய்ப் பலகாரத்தை விடு, கல்யாணம் ஆனால் சரியாகிடும். இப்போது வைத்தியம் கிடையாது, நேராகத் தீர்ப்புதான். பெட்ஷீட் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் நான். புதிதாக வருபவர்கள் என்னை லோடு ஏற்ற வந்தவன் என்று நினைத்து "மேனேஜர் எங்கப்பா?" என்பார்கள். டீ கூடக் குடிக்காத என்னிடம் ஒரு பெண்ணின் பெரியப்பா "தண்ணி பழக்கம் உண்டா?" என்று கேட்டார். ஊர்ப் பாட்டிகள் "அம்மை போட்டிருந்துதா சாமி?" என்று கேட்பதற்கு மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. 1975க்குப் பிறகு நாட்டில் பெரியம்மையே இல்லை. ஆனால் அவர்கள் பார்த்து வளர்ந்த முகங்கள் அப்படி.

சாய் பல்லவியை யாரும் உதாரணம் காட்ட வேண்டாம். 2015இல் அவர் பருவோடு திரைக்கு வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது சிவந்த பரு. குழி விழுந்த முகத்தை நம் சினிமா பெரும்பாலும் அடியாளுக்குத்தான் கொடுக்கிறது.

சரி, இந்தப் போட்டோவை அனுப்பலாமா?

ஸ்டுடியோ அண்ணன்:
நானும் இதே தொழில்தான் தம்பி. யாரும் கேட்காமலே தோலை வழவழப்பாக்கிவிடுவோம், கை அப்படிப் பழகிவிட்டது. ஒற்றைப் பருவை அழிக்கலாம், அது அடுத்த வாரம் தானாகவே போய்விடும். குழி அப்படியில்லை, அது உங்கள் முக அமைப்பு.

லைட் ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழுந்து, நேரில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். பெரிய ஜன்னலைப் பார்த்து நின்று, ஜன்னல் பக்கமிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். வெயில் நேராக விழக் கூடாது. போனில் பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள்.

தஞ்சாவூர் மருமகள்:
எனக்கும் கன்னமெல்லாம் தழும்பு. என் போட்டோவையும் பளபளவென்று ஆக்கித்தான் அனுப்பினார்கள். வந்தவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பையனின் அம்மா "இன்னொரு பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டார், கிண்டலாகக் கூட இல்லை. அதற்கப்புறம் தம்பி வாசலில் வைத்து எடுத்த படத்தைத்தான் அனுப்பினோம். பதில் குறைவாக வந்தது, வந்தவர்கள் யாரும் முறைத்துப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்.

உங்களிடம் குடியைப் பற்றிக் கேட்டார்கள். என்னிடம் கேட்டது, "பிள்ளைக்கும் இப்படி வருமா?"

மெடிக்கல் கவுண்டர்:
போட்டோ விஷயத்தில் அக்கா சொன்னதுதான். நான் வேறு ஒன்று சொல்கிறேன். கல்யாணத் தேதி வைத்ததும் "முகம் பளிச்சுனு ஆகுற க்ரீம்" கேட்டு வருகிறார்கள். அதில் பல ஸ்டீராய்டு கலந்தவை, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. முதலில் பளிச்சென்று இருக்கும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து சிவந்து, பரு திரும்ப வரும். குழியை எந்தக் க்ரீமும் நிரப்பாது. தோல் டாக்டரிடம் போனால் மைக்ரோநீட்லிங் (பொடி ஊசிகளால் தோலைக் குத்துவது), லேசர், குழியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவது என்று வழிகள் உண்டு. பல தடவை போகணும். குறையும், முழுசாகப் போகாது. நம் நிறத்துக்கு லேசர் கொஞ்சம் அதிகமானாலும் கருமை படியும். முகூர்த்தத்துக்கு முந்தின மாதம் போய் ஆரம்பிக்காதீர்கள்.

கரூர்க்காரன்:
அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு பாவம்" என்றார், அப்புறம் "சரி, வேற எடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறோம். ஸ்டுடியோ அண்ணா, வெள்ளைச் சட்டை போடலாமா?

ஸ்டுடியோ அண்ணன்:
வெளிர் நீலம் போடுங்க. வெள்ளைக்குச் சில போனில் முகம் இருட்டடிக்கும்.