குரல் கேட்பவர்கள் பற்றிய ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு: மாத்திரையை நிறுத்தலாம் என்றா சொல்கிறது?

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார், அப்பாவின் தங்கை. ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நோய் தெரிந்தது. மாமா வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள், அதிலிருந்து எங்களோடுதான். டாக்டர் எழுதியிருப்பது ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு நோய். இரவில் ரிஸ்பெரிடோன், கை நடுக்கத்துக்கு இன்னொரு சின்ன மாத்திரை. மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை.

மாத்திரை சாப்பிட்டும், யாரும் பேசாமலே அவருக்குக் கேட்கும் குரல் முழுதாகப் போகவில்லை. பெரும்பாலும் எங்கள் அப்பத்தாவின் குரல். அப்பத்தா இறந்து பல காலம் ஆகிறது. "தலையைப் பின்னு", "பால் பொங்கப் போகுது, போய்ப் பாரு", "அந்தப் பிள்ளை சாப்பிட்டாளா?" இப்படிக் கேட்குமாம். அந்தப் பிள்ளை நான்தான். அத்தை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். இதுபோக ஓர் ஆண் குரலும் உண்டு. அது என்ன சொல்கிறது என்று என்னிடம் சொல்வதில்லை. காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒன்றைப் போட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாம். மேல்நாட்டில் குரல் கேட்பவர்களுக்கு "வெட்டு, குத்து" என்று கேட்கிறதாம், இந்தியாவில் கேட்பது தாய் தகப்பனின் அன்பான குரலாம், ஆகவே இது நோயே இல்லை, முன்னோர் ஆசியாம். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மறுநாளே போன் செய்தார்: "ஸ்டான்ஃபோர்டுக்காரனே சொல்லிட்டான்மா. எதுக்கு அவளுக்கு இத்தனை மாத்திரை? ஊதிப் போயிட்டா பாவம். எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு மண்டலம் குணசீலம் கோயில்ல வெச்சுப் பார்ப்போம்."

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் பாதி என் கண் முன்னால் இருக்கிறது. அத்தைக்குக் கேட்பது தாயின் குரல்தான். உடம்பு ஊதியிருப்பதும் உண்மைதான். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

அப்படி ஓர் ஆய்வு நிஜமாகவே உண்டா? உண்டென்றால் அதில் என்னதான் இருக்கிறது? அப்புறம், அப்பத்தா பேசுவதாக அத்தை சொல்லும்போது நான் என்ன பதில் சொல்வது? "அப்படி யாரும் இல்லை அத்தை" என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆறுதல் வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_கேஸ்ஷீட்:

ஆய்வு நிஜம். "நோயே இல்லை" என்ற கடைசி வரி மட்டும் யாரோ ஒட்டவைத்தது.

நான் மனநல சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள், சென்னையில். அந்தக் கட்டுரை வந்தபோது எங்களுக்குள்ளேயே நிறைய பேசினோம், ஏனென்றால் அது பாதி நம் ஊர்க் கட்டுரை. டான்யா லூர்மன் என்ற ஸ்டான்ஃபோர்ட் மானுடவியலாளரோடு சேர்ந்து எழுதியவர்களில் பத்மாவதி, ஹேமா தரூர் இருவரும் சென்னை ஸ்கார்ஃபின் மனநல மருத்துவர்கள். ஸ்கார்ஃப் தெரியும் இல்லையா, சாரதா மேனன் அம்மா ஸ்கிசோஃப்ரீனியா நோயாளிகளுக்காக 1984-ல் தொடங்கிய அமைப்பு. கட்டுரை 2015-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வந்தது.

கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என்று மூன்று ஊர்கள். ஊருக்கு 20 பேர். எல்லோருக்கும் தீவிர மனநோய் இருந்தது, எல்லோருக்கும் குரல் கேட்டது. உட்காரவைத்துப் பேசினார்கள்: எத்தனை குரல், யாருடையது, ஏன் வருகிறது, நீங்கள் திரும்பப் பேசுவீர்களா, கடவுள் பேசியதுண்டா.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் அதை மூளையின் கோளாறாகவே பார்த்தார்கள். நோயின் பெயரைத் தாங்களே சொன்னார்கள். பேசுவது யார் என்று தெரியாது, ஆனால் அடி, வெட்டு, சித்திரவதை என்று கேட்கும். அக்ராவில் பலருக்கு அது கடவுளின் குரல். அங்கே பாதிப் பேர் தங்கள் அனுபவம் பெரும்பாலும் நல்லது என்றே சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல்! குளி, சமை, கடைக்குப் போ என்று வேலை ஏவும், திட்டும், சில நேரம் கேலியும் பண்ணும். உங்கள் அப்பத்தா அந்தக் கட்டுரைக்குள் கச்சிதமாகப் பொருந்துவார்.

லூர்மன் இதற்குச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. மனசு என்பது தனக்கு மட்டுமே சொந்தமான அறை என்று நினைத்து வளர்ந்தவருக்கு, குரல் என்பது அத்துமீறி நுழைந்த ஆள். நம் ஊரில் எந்த முடிவிலும் மாமியாரோ மாமாவோ அண்ணனோ வாய் வைக்காமல் இருந்ததுண்டா? (உங்கள் பெரியப்பாவையே பாருங்கள்.) ஆகவே இன்னொருவர் குரல் உள்ளே கேட்பது நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.

இனி, வாட்ஸ்அப்பில் விட்டுப்போனவை. சென்னைக்காரர்களுக்கும் அருவருப்பான குரல்கள் உண்டு. கட்டுரையே சொல்கிறது: இங்கே மனிதர்களைக் குறுக வைத்தது வன்முறையைவிட ஆபாசப் பேச்சு. உங்கள் அத்தைக்குக் கேட்கும் ஆண் குரல் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. என்னிடம் வந்த பெண்களில் பலர் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. திறந்தபோதும் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். "அன்பான குரல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் இவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம், அந்தச் சென்னை 20 பேரும் வீட்டில் ஆசி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவர்கள் இல்லை. ஸ்கார்ஃப் வழியாக வந்த நோயாளிகள். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. குரல் எப்படிப் பேசுகிறது என்பது மட்டும்தான் அதன் கேள்வி.

அத்தைக்கு என்ன பதில்? "யாரும் இல்லை" என்று வாதாடாதீர்கள். "ஆமாம், எனக்கும் கேட்குது" என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேட்கல அத்தை, உங்களுக்குக் கேட்குதுன்னு தெரியுது. அப்பத்தா என்ன சொல்றாங்க?" என்று கேளுங்கள். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டால், "சாப்பிட்டேன்னு சொல்லுங்க" என்றால் தீர்ந்தது. ஆண் குரலைப் பற்றி நேரடியாகத் துருவ வேண்டாம். ஒன்றை மட்டும் அவ்வப்போது கேளுங்கள்: உங்களையோ வேறு யாரையோ ஏதாவது செய்துவிடச் சொல்கிறதா? ஆமாம் என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டர். ராத்திரியில் அவசரம் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

---

புள்ளிக்கணக்கு:

உளவியலில் ஆராய்ச்சி மாணவன். மேலே அம்மா சொன்னதோடு சில எண்களைச் சேர்க்கிறேன், பெரியப்பாவுக்கு ஸ்டான்ஃபோர்ட் பிடிக்கும் என்றால் இவையும் பிடிக்கலாம்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையே நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் தனியாக இருக்கின்றன. 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் லொய்க்ட் குழுவினர் 65 சோதனைகளைத் தொகுத்தார்கள். ஓர் ஆண்டு வாக்கில் நோய் திரும்பியவர்கள், மருந்தில் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம்.

"அது ஒரேயடியாக நிறுத்தியவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால்?" என்று கேட்பது நியாயம். இங்கிலாந்தில் ராடார் என்ற சோதனை அதைத்தான் செய்தது, 2023-ல் முடிவு வந்தது. 253 பேர். மருந்துகளைக் கடுமையாக விமர்சிக்கும் ஜோவன்னா மான்கிரீஃப்தான் தலைமை, ஆகவே மருந்துக் கம்பெனி ஆள் என்று தள்ளிவிட முடியாது. மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அன்றாட வாழ்க்கைத் திறனில் முன்னேற்றம் தெரியவில்லை. கடுமையாக நோய் திரும்பியவர்கள், குறைத்தவர்களில் 25 சதவீதம், மருந்தை அப்படியே தொடர்ந்தவர்களில் 13. இதையே திருப்பியும் படிக்கலாம்: குறைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படித் திரும்பவில்லை. ஆகவே குறைப்பது பற்றி டாக்டரிடம் பேசுவதே தப்பு என்று இல்லை. வீட்டில் குரூப் முடிவெடுத்து நிறுத்துவதுதான் ஆபத்து.

கோயில் விஷயம். இதிலும் ஓர் ஆய்வு உண்டு, தமிழ்நாட்டிலேயே நடந்தது. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராம் குழுவினர் பார்த்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அங்கே பூசை புனஸ்காரம் பெரிதாக இல்லை, திட்டாத மனிதர்கள், சின்னச் சின்ன வேலை, குடும்பத்தார் ஒருவர் கூடவே. ஒப்பிட வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு, அதனால் ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு அதில் கண்ணில் பட்டது அந்தத் 'திட்டாத மனிதர்கள்'. வீட்டில் குத்திப் பேசுவதும் வெறுப்பும் அதிகமாக இருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று 1970-களிலிருந்தே லண்டன் ஆய்வுகள் காட்டிவருகின்றன. பின்னால் சண்டிகரில் பார்த்தபோது அங்குள்ள குடும்பங்களில் அந்தக் குத்தல் குறைவாக இருந்தது.

இதை வைத்து "இந்தியாவில் இந்த நோய் தானாகவே சரியாகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக உலவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்வுகளில் நம்மைப் போன்ற நாடுகளில் நோயின் போக்கு மேலாக இருந்தது வாஸ்தவம். ஆனால் 2008-ல் அலெக்ஸ் கோஹென், விக்ரம் படேல், ஸ்கார்ஃபின் தாரா, நைஜீரியாவின் குரேஜே நால்வரும் சேர்ந்து, இதை வேதவாக்காக எடுக்காதீர்கள் என்று கட்டுரையே எழுதிவிட்டார்கள். நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள்ளேயே விளைவு ஏகத்துக்கும் மாறுகிறது என்பது அவர்கள் வாதம். தாரா சென்னை நோயாளிகளையே வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவர், ஆகவே அவர் சொன்னதற்கு எடை அதிகம்.

---

ஒற்றைக்காது:

எனக்கே கேட்கும். மாத்திரையும் சாப்பிடுகிறேன், வேலைக்கும் போகிறேன். எனக்கு வருவது செத்துப்போன தாய்மாமன், வட்டிக்கடைக்காரர். கணக்கு கேட்டே உயிரை எடுப்பார். கல்லாவில் சில்லறை எண்ணும்போதுதான் சரியாக வருவார்.

ஆய்வு எல்லாம் சரி, அன்றாடத்துக்கு உதவுவதைச் சொல்கிறேன். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன், பாட்டோ யாராவது பேசுவதோ. இரண்டு காதிலும் மாட்டினால் எனக்கு இன்னும் மோசம். வாய்க்குள் முணுமுணுத்துப் பாடினால் குறையும், சிலருக்கு இது வேலை செய்யும் என்று எனக்குக் கவுன்சலிங் தந்தவரும் சொன்னார். பதில் பேசியே ஆகவேண்டும் என்று வந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவேன், பஸ்ஸில் ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கமாட்டான். "இப்போ இல்ல மாமா, ஒம்பது மணிக்குப் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டால் பல நாள் ஒத்துக்கொள்கிறார். உங்கள் அத்தை ரேடியோ கேட்பாரா? காதைப் பொத்துவதைவிட அது மேல்.

லண்டனில் அவதார் தெரபி என்று ஒன்று செய்கிறார்கள், தேடிப் படியுங்கள். கேட்கும் குரலுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு முகம் கொடுத்து, அதே மாதிரிக் குரலில் தெரபிஸ்ட் பேச, நோயாளி எதிர்த்து நிற்கப் பழகுகிறார். 2018-ல் 150 பேரோடு செய்ததில் 12 வாரத்தில் சாதாரண ஆலோசனையைவிட நன்றாக வேலை செய்தது. 24 வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது, அதையும் சொல்லவேண்டும் இல்லையா. 2024-ல் இன்னும் பெரிதாக 345 பேரோடு செய்திருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் எட்டாது, ஆனால் படித்தபோது ஒன்று தோன்றியது. குரலை ஒழித்தே தீர வேண்டும் என்று அவர்களும் நிற்கவில்லை, அதற்குப் பயப்படாமல் இருக்கத்தான் பழக்குகிறார்கள்.

பழைய_கேஸ்ஷீட் அம்மாவிடம் ஒரே ஒரு மாறுபாடு. உடம்பு ஊதுவதை நீங்கள் ஒரு வார்த்தையிலும் தொடவில்லை. மாத்திரை வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் வேட்டி இடுப்பில் நிற்பதில்லை, சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி பசிக்கும். பெரியப்பா அந்த ஒரு விஷயத்தில் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

---

பழைய_கேஸ்ஷீட்:

ஒற்றைக்காது சொல்வது நியாயம். வைகைக்கரை, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டால்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். எடை கம்மியாக ஏற்றும் மருந்துகள் இருக்கின்றன, மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நடுக்க மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள், வருடக்கணக்கில் பழைய சீட்டில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையில் சென்னை டாக்டர்களின் பெயர் இருப்பதைக் குரூப்பில் போட்டேன், பெரியப்பா இன்னும் பதில் போடவில்லை. அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "27, 64-னு ஏதோ சொன்னியே, அதை எழுதிக் குடு" என்றார்.

அத்தையிடம் நேற்று, "அப்பத்தா என்ன சொல்றாங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உனக்குக் கல்யாணம் எப்பன்னு கேக்குது" என்றார். அப்பத்தா கேட்டதா, அத்தை கேட்டதா தெரியவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. பெரியப்பா பிடிவாதமாக நின்றால், மாத்திரையோடு குணசீலம் போய்த் தங்கிவிட்டு வருவதில் தப்பு உண்டா?

---

பழைய_கேஸ்ஷீட்:

தாராளமாகப் போங்கள், மாத்திரைப் பெட்டியும் டாக்டர் சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும். ஆனால் அத்தைக்குப் போக இஷ்டமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள், இந்தத் திரியில் இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் சரி என்றால், நீங்களோ அப்பாவோ கூடவே தங்க வேண்டும், யாரையும் நம்பி விட்டுவிட்டு வரக்கூடாது. பெரியப்பாவுக்கே இவ்வளவு ஆர்வம் என்றால் அவரையும் ஒரு வாரம் கூட உட்காரவையுங்கள்.